பாரிசுக்குப் போனால் நாலு நாளை ஆற்றங்கரைக்கு எடுத்து வையுங்கள்

யாழ்ப்பாணத்தில் இருந்து பிரான்சுக்குப் போய் வந்தவர்களிடம் பயணம் எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சாமான் வாங்கினோம், மாணிக்க விநாயகர் கோயிலுக்குப் போனோம், ஈபிள் கோபுரத்துக்குக் கீழே நின்று படம் எடுத்தோம், பிறகு ஒவ்வொரு சொந்தக்காரர் வீடாகச் சாப்பிட்டோம். ஒரு மாதத்தில் கூடுதலாகப் பார்த்த இடம் எது என்று பார்த்தால் சித்தப்பா வீட்டுச் சோபாவாக இருக்கும். முதல் தரம் நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டாம் தரம் தங்கச்சியின் பிள்ளைகள் விடவில்லை, என்னையும் அம்மாவையும் காரில் ஏற்றி, தென்மேற்கில் டோர்டோன் ஆற்றங்கரையில் இருக்கிற லா ரொக் கஜாக் என்ற சின்ன ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு இங்கே யார் விசாவுக்குப் போட்டாலும் நான் பிடித்து வைத்து இதையே சொல்வதால், எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

ஏன் ஆறு என்று கேட்பீர்கள். ஆறு எங்களுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற சாமான். குடாநாட்டில் ஆறு என்று பெயர் சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் ஓடி அராலிப் பக்கம் போய்ச் சேரும், கோடையில் அதற்குள் மாடு மேயும். பெய்கிற மழையை எங்கள் சுண்ணாம்புக்கல் குடித்துவிடும், மிச்சத்தைக் கிணற்றுக்குள்தான் பார்க்கலாம். டோர்டோன் பக்கமும் சுண்ணாம்புக்கல் பூமிதான், ஆனால் தண்ணீர் மலையில் இருந்து வருகிறது, ஓவேர்ன் மலைகளில் தொடங்கி போர்தோவுக்குக் கிட்ட கரோன் ஆற்றோடு சேரும்வரை 483 கிலோமீற்றர் ஓடுகிறது. லா ரொக் கஜாக்கில் அந்த ஆறும், நேரே எழும்பி நிற்கிற பாறையும், இரண்டுக்கும் நடுவில் ஒற்றைத் தெருவும்தான் ஊர். வீடுகள் பாறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருக்கின்றன. ஐந்நூறு பேர்கூட இல்லாத இடம், ஆனால் பிரான்சின் மிக அழகிய ஊர்கள் என்று 1982இல் தொடங்கிய சங்கத்தின் பட்டியலில் இருக்கிறது.

சரி, எப்போது போவது. ஓகஸ்டில் போக வேண்டாம். ஒன்று, முழுப் பிரான்சும் அப்போது லீவில் ஆற்றங்கரைக்கு வந்து நிற்கும், ஒற்றைத் தெரு ஊருக்குள் கார் நகராது. மற்றது, நல்லூர்த் திருவிழாவுக்கு உங்கள் பாரிஸ் சொந்தக்காரர் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தில் நிற்பார்கள், உங்களைக் கூட்டிக்கொண்டு போக அங்கே ஆள் இருக்காது. யூன் நல்லது, இரவு பத்து மணிக்குக் கிட்டவும் வெளிச்சம் இருக்கும். செப்டெம்பர் முதல் இரண்டு கிழமையும் நல்லது. வேலைக்காரருக்கு லீவு கிடைக்காது என்றால் மே மாதத்தைப் பாருங்கள்: 1ஆம் திகதி, 8ஆம் திகதி, பெரும்பாலும் மேயில் ஒரு வியாழக்கிழமை வருகிற இயேசு விண்ணேற்ற நாள். அந்த வெள்ளிக்கு மட்டும் லீவு போட்டால் நாலு நாள் கையில் வரும். அங்கே இதைப் பாலம் போடுவது என்று சொல்கிறார்கள். ஆனால் மேயில் ஆற்றுத் தண்ணீர் கூடுதலாகவும் குளிராகவும் இருக்கும், தோணிக்கு யூன்தான்.

விசாக் கதை உங்களுக்குத் தெரியும், 180 நாளுக்குள் 90 நாள், பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, வீட்டில் தங்க வைக்கிறவர் தங்கள் நகரசபையில் எடுக்கிற பத்திரம். நான் சேர்த்துச் சொல்வது ஒன்றுதான்: டோர்டோனில் தங்கப்போகிற நாட்களின் புக்கிங் கடதாசியையும் அந்தக் கட்டுக்குள் வைத்துவிடுங்கள், பயணத்திட்டமும் தங்குமிடமும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும்.

போகிற வழி இரண்டு. ரயிலில் என்றால் பாரிஸ் மொம்பர்னாஸ் ஸ்டேஷனில் இருந்து போர்தோவுக்கு அதிவேக ரயில், 2017இல் புதுப் பாதை திறந்த பிறகு இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் எடுக்கிறது. போர்தோவில் மாறி சர்லாவுக்குப் போகிற உள்ளூர் ரயிலில் ஏற வேண்டும். இது ஆறுதலாக, செந்தெமிலியோன் திராட்சைத் தோட்டங்களுக்குள்ளால், இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். சர்லாதான் கடைசி ஸ்டேஷன், நித்திரை கொண்டாலும் தவறவிட மாட்டீர்கள். அங்கேயிருந்து லா ரொக் கஜாக் ஏறக்குறைய 12 கிலோமீற்றர், பஸ்ஸை நம்பி இறங்க வேண்டாம், முதல் நாளே டாக்சிக்குச் சொல்லி வையுங்கள். அதிவேக ரயிலுக்கு டிக்கெட் முந்தி எடுத்தால் மலிவு, போகிற கிழமை எடுத்தால் கண்ணீர் வரும்.

நாலைந்து பேர் என்றால் கார்தான் கட்டும். பாரிசில் இருந்து 530 கிலோமீற்றர் அளவில் வரும், விடியவே வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாடு கழியப் போய்விடலாம். ஓர்லியோன், லிமோஜ், பிரீவ் வழியாக ஏ20 பாதையைப் பிடியுங்கள், வியர்சோனில் இருந்து பிரீவ் வரைக்கும் அதில் சுங்கக் காசு கிடையாது. நீங்கள்தான் ஓடப்போகிறீர்கள் என்றால் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை இலங்கையில் இருந்தே எடுத்துக்கொண்டு போங்கள். வலப்பக்கம் ஓட அரை நாளில் பழகிவிடும். பழகாதது மற்றொன்று: அறிவிப்புப் பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலப்பக்கத்தால் வருகிறவருக்குத்தான் முதல் உரிமை, அவர் வருவது ஒரு சின்ன ஒழுங்கையில் இருந்து என்றாலும் அப்படித்தான். நாங்கள் இங்கே ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிற நினைப்பில் போனால் ஆபத்து.

தங்குவதற்கு ஊருக்குள் ஹொட்டேல்கள் இருக்கின்றன, ஆற்றைப் பார்த்த அறைக்குக் காசு அதிகம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஆற்றங்கரையோரமுள்ள முகாம்களை. கூடாரம் அடிக்கத் தேவையில்லை, மொபில் ஹோம் என்று அறை, குசினி, குளியலறை எல்லாம் உள்ள சின்ன வீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள், ஆறு பேர் படுக்கலாம், அடுப்பில் சோறு வைக்கலாம். பெட்ஷீட்டும் துவாயும் வாடகைக்குள் அடக்கமா என்று முதலே கேளுங்கள், பல இடத்தில் இல்லை. மிளகாய்த்தூள் வறுக்கிற வேலையை மட்டும் பாரிசிலேயே முடித்துக்கொண்டு போங்கள், பக்கத்து வீட்டு ஒல்லாந்துக்காரர் இருமி இருமிக் கதவைச் சாத்தினார், எங்களுக்கே பாவமாக இருந்தது. இன்னொன்று, முகாமின் நீச்சல் குளத்தில் ஆம்பிளைகள் தொளதொள காற்சட்டையோடு இறங்க விடமாட்டார்கள், உடம்போடு ஒட்டின நீச்சல் உடுப்புத்தான் வேண்டும். எனக்கு இது தெரியாது. ஐம்பது வயதில் எல்லாருக்கும் முன்னால் குளத்தில் இருந்து எழுப்பி அனுப்பப்பட்டேன். பாரிசிலேயே ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள்.

ஊரைப் பார்க்க நல்ல நேரம் காலமை ஒன்பதுக்கு முதல். பஸ்களில் ஆட்கள் வந்து இறங்கும் முன்னர் தெரு உங்களுடையது. கீழே ஆற்றோரத் தெருவில் ஒரு தரம் நடந்து முடித்துவிட்டு, வீடுகளுக்கு நடுவில் மேலே ஏறுகிற ஒழுங்கைகளில் ஒன்றைப் பிடியுங்கள். கல்லுப் படி, வழுக்கும், செருப்போடு போக வேண்டாம். மேலே ஒரு சின்னக் கோயில், கிறிஸ்தவக் கோயில், பாறையோடு ஒட்டினபடி. அங்கே போகிற வழியில்தான் அம்மா நின்றுவிட்டார். வாழை நிற்கிறது. பனை மாதிரி ஒன்று நிற்கிறது. மூங்கில், கற்றாழை எல்லாம்.

"இது என்னடா தம்பி, எங்கட வளவைக் கொண்டுவந்து இஞ்ச வைச்சிருக்கிறாங்கள்?"

"பனை இல்லை அம்மா, அதின்ர தூரத்துச் சொந்தம்."

விஷயம் என்னவென்றால் பாறை தெற்கே பார்த்து நிற்கிறது. பகல் முழுக்க வெய்யிலை வாங்கி வைத்து இரவில் விடுகிறது, வடகாற்றையும் மறித்துவிடுகிறது. அந்தச் சூட்டில்தான் பிரான்சில் வாழை நிற்கிறது. அம்மா ஒரு வாழையிலையைத் தடவிப் பார்த்து, குலை போடாது என்று சொல்லிவிட்டு நடந்தார். பார்க்கக் காசில்லை.

அதே பாறை கொடுத்ததை எடுத்தும் இருக்கிறது. 1957 ஜனவரியில் மேலேயிருந்து ஒரு பெரிய துண்டு உடைந்து விழுந்து வீடுகள் நொறுங்கின, மூன்று பேர் செத்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வெளிறின நிறத்தில் அந்தக் காயம் தெரியும். பாறை இடுக்கில் தொங்குகிற மாதிரி ஒரு பழைய கோட்டையின் மிச்சமும் இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, ஆட்கள் எதிரிக்குப் பயந்து ஏறி ஒளிந்த இடம். கல் விழுகிற பயத்தால் சில காலம் மூடி வைப்பார்கள், திறந்திருந்தால் ஏறுங்கள், மூடியிருந்தால் கம்பியைத் தாண்டுகிற விளையாட்டு வேண்டாம். இறங்கி வரும்போது வட்டக் கோபுரம் ஒட்டின ஒரு வீடு கண்ணில் படும், ஜோன் தார்த் குடும்பத்தின் வீடு. இந்தக் குக்கிராமத்தில் பிறந்த பாதிரியாரான அவர் 1614இல் இத்தாலிக்குப் போய் கலிலியோவைச் சந்தித்து, தொலைநோக்கிக் கதை கேட்டு வந்திருக்கிறார். சூரியனில் தெரிகிற புள்ளிகள் சூரியனில் இல்லை, குறுக்கே போகிற சின்னக் கோள்கள் என்று எழுதியும் வைத்தார். பிழைதான், ஆனாலும் இந்த ஒழுங்கையில் இருந்து போன ஒருவர் அதை யோசித்திருக்கிறாரே.

ஊரின் மேற்கு முனையில் ஒரு மாளிகை ஆற்றுக்குள் நிழல் விழுத்திக்கொண்டு நிற்கும், எல்லாரும் படம் எடுப்பார்கள். பார்க்கப் பழையது போல இருந்தாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய பாணியில் கட்டியது. பரவாயில்லை, படத்துக்கு நன்றாக வரும், பின்னேர வெளிச்சத்தில் எடுங்கள்.

அம்மா மாதிரி வயதானவர்களுக்கு ஆற்றில் போக வழி கபார் எனப்படும் தட்டையடி மரவள்ளம். ஊர்க் கரையிலேயே ஏறலாம், ஒரு மணித்தியாலம் அளவில் கோட்டைகளைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வரும். காதில் மாட்டி விளக்கம் கேட்கலாம், தமிழ் இல்லை. இப்போது ஓடுகிறவை மோட்டர் பூட்டினவை, முந்தி இவை மேட்டுநிலக் காடுகளில் இருந்து ஓக் மரத்தை ஏற்றிக்கொண்டு கீழே போர்தோப் பக்கம் போனவை, வைன் பீப்பா செய்யவும் திராட்சைக்கு முட்டுக்கொடுக்கவும். திரும்பி நீரோட்டத்துக்கு எதிராக இழுத்து வருவது பெரும்பாடு என்பதால் பல வள்ளங்களைப் போன இடத்திலேயே உடைத்து மரமாக விற்றுவிட்டு ஆட்கள் நடந்து வந்திருக்கிறார்கள். வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி 1938இல் அமெரிக்கக் கரை தொட்ட கப்பல், இவை போன இடத்தில் விறகாகிற வள்ளங்கள். ரயில் வந்ததும் அந்தத் தொழில் முடிந்தது.

இனித் தோணி. இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தது. நீங்களே வலித்துக்கொண்டு போகிற பிளாஸ்டிக் கனூவை வித்ராக், செனாக், லா ரொக் கஜாக் என்று கரை நெடுக வாடகைக்குத் தருகிறார்கள். ஒழுங்கு இப்படி: ஒரு இடத்தில் காரை விடுவீர்கள், அவர்கள் வானில் உங்களை ஆற்றின் மேல்பக்கம் கொண்டுபோய் இறக்குவார்கள், நீங்கள் ஓட்டத்தோடு இறங்கி வருவீர்கள். கார் நிற்கிற இடத்தில் முடிகிறதா, இல்லை முடிந்த இடத்தில் இருந்து வானில் திரும்புகிறதா என்று காசு கட்டும் முன்னர் கேளுங்கள். வித்ராக்கில் இறங்கி, டொம் மலைக்குக் கீழே செனாக் பாலம், லா ரொக் கஜாக், காஸ்தெல்னோப் பாலம், பெய்னாக் என்று வருவதுதான் நல்ல துண்டு, நின்று சாப்பிட்டு வந்தால் அரை நாளுக்கு மேல் போகும். பயந்தவர்கள் செனாக்கில் இருந்து தொடங்கலாம்.

நீந்தத் தெரிய வேண்டும், 25 மீற்றராவது. கேட்பார்கள், பொய் சொல்ல வேண்டாம். லைஃப் ஜாக்கெட் தருவார்கள், குறிகாட்டுவானில் நயினாதீவு வள்ளத்தில் தோளில் தொங்கவிடுகிற மாதிரி இல்லாமல் பட்டியை இழுத்துப் பூட்டுங்கள். தண்ணீர் புகாத மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பீப்பாவும் தருவார்கள், போன், கார்ச் சாவி, காசு எல்லாம் அதற்குள். பாஸ்போர்ட்டைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு வாருங்கள். காலுக்குக் கட்டிப் போடுகிற பழைய சப்பாத்து.

கடைசி வசனம் ஏன் என்று சொல்கிறேன். நான் கோண்டாவில் தோட்டக் காணிக்குள் வளர்ந்தவன், குருநகர் ஆட்கள் மாதிரித் துடுப்புப் பிடித்த கை இல்லை. பெரியவர் என்ற மரியாதைக்கு "மாமா பின்னுக்கு இருங்கோ" என்று மருமகன் சொன்னான், நானும் இருந்தேன். பின்னுக்கு இருக்கிறவர்தான் தோணியைத் திருப்புகிறவர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வலப்பக்கமே வலித்துக்கொண்டிருந்தேன், தோணி இடப்பக்கமாகத் திரும்பித் திரும்பி ஒரு முழு வட்டம் போட்டது, கரையில் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் கை தட்டியது. பிறகு நடு ஆற்றில் கூழாங்கல் திட்டில் ஏறி நின்றுவிட்டோம். தள்ளுவதற்கு இறங்கினேன், தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆனால் இழுப்பு இருக்கிறது, ஒரு செருப்பு கழன்று பெய்னாக் பக்கம் போய்விட்டது. மற்றது இப்போதும் வீட்டில் இருக்கிறது.

ஆகவே, பழகினவர் பின்னுக்கு. இடப்பக்கம் திரும்ப வலப்பக்கம் வலியுங்கள், வலப்பக்கம் திரும்ப இடப்பக்கம். தண்ணீர் எங்கே கறுத்து மழமழவென்று போகிறதோ அங்கே ஆழம், எங்கே சின்னச் சின்னதாகப் பளபளத்துச் சலசலக்கிறதோ அங்கே கல். வளைவுகளில் வெளிப்பக்கம் ஆழமாக இருக்கும், ஆனால் சரிந்த மரக்கொப்புகளும் அங்கேதான், தலையைக் குனிந்து பிரயோசனம் இல்லை, முதலே விலகுங்கள். பாலத் தூண்களுக்குக் கிட்டப் போகவே வேண்டாம். ஏதாவது கல்லிலோ மரத்திலோ குறுக்காக மோதினால் எங்களுக்கு எதிர்ப்பக்கம் சாயத்தான் மனம் வரும், அப்படிச் சாய்ந்தால் தோணிக்குள் தண்ணீர் ஏறிக் கவிழும், மோதின பொருளின் பக்கமே சாய வேண்டும். கவிழ்ந்துவிட்டால் மல்லாக்காகக் கிடந்து, கால் முன்னுக்குப் போகிற மாதிரி மிதந்து, ஓட்டம் குறைந்த இடத்தில் கரையேறுங்கள். இழுப்பு உள்ள இடத்தில் எழும்பி நிற்க வேண்டாம், கல்லிடுக்கில் கால் மாட்டும். கோடையில் இது அமைதியான ஆறு, சின்னப் பிள்ளைகளோடு ஆட்கள் போகிறார்கள், இருந்தாலும் ஆறு கிணறு இல்லை.

காஸ்தெல்னோவுக்குச் சற்று முன்னர் கூழாங்கல் கரை ஒன்றில் ஒதுங்கினோம். பீப்பாவைத் திறந்து, லாச்சப்பலில் வாங்கின ரோல்சையும், தங்கச்சி காலமை அவித்துக் கட்டின புட்டையும் கட்டைச் சம்பலையும் எடுத்தோம். முன்னால் மேலே கோட்டை. மருமகன் கால்களைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு இருந்தான், சின்ன மீன்கள் விரல்களைக் கொத்தின, ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை, பக்கத்தில் நீல நிறத் தும்பி ஒன்று துடுப்பில் வந்து இருந்தது. குப்பையைத் திரும்பப் பீப்பாவுக்குள் போட்டுக்கொண்டு வாருங்கள்.

கோட்டைகளைப் பற்றி. எல்லாவற்றையும் பார்க்க வெளிக்கிட்டால் ஒன்றும் மனதில் நிற்காது, ஒரு நாளைக்கு ஒன்று போதும். பிள்ளைகள் இருந்தால் காஸ்தெல்னோ, பழைய போர்க் கருவிகளின் காட்சியகம், கல்லெறிகிற பெரிய கவண் பொறிகளை முற்றத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆற்றுக்கு எதிர்க்கரையில் பெய்னாக். நூறாண்டுப் போரில், 1337 தொடக்கம் 1453 வரை, காஸ்தெல்னோ ஆங்கிலேயர் பக்கமும் பெய்னாக் பிரெஞ்சு அரசர் பக்கமுமாக ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றவை. கால் ஏலாதவர்கள் பெய்னாக்கின் ஏற்றத்தை நடந்து ஏற வேண்டாம், மேலே கார் விட வழி இருக்கிறது. மார்கெசாக் தோட்டத்தில் 150,000 பொக்ஸ்வூட் செடிகளைக் கையால் வெட்டி உருண்டை உருண்டையாக வைத்திருக்கிறார்கள், முனையில் நின்றால் லா ரொக் கஜாக் முழுவதும் தெரியும். யூலை, ஓகஸ்டில் வியாழன் இரவுகளில் ஆயிரக்கணக்கில் மெழுகுதிரி கொளுத்துவார்களாம், மருமகள் காட்டின படம் எங்கள் விளக்கீடு மாதிரி இருந்தது. டொம் 1281இல் கட்டின மதில் ஊர், மேலே இருந்து ஆற்றின் வளைவைப் பார்க்கத்தான் போக வேண்டும், ஐஸ்கிரீம் விலை அதிகம்.

நான் எதிர்பாராதது மிலாந்து மாளிகை. பாடகி, ஆடல்காரி ஜோசபின் பேக்கர் வாழ்ந்த வீடு. அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண், ஜெர்மன்காரர் பிரான்சைப் பிடித்திருந்தபோது எதிர்ப்பு இயக்கத்துக்கு உளவு வேலை செய்தவர், பிறகு 1947இல் இந்த மாளிகையை வாங்கி, வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைத் தத்தெடுத்து இங்கே வளர்த்தார். கடன் ஏறி 1969இல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார், குசினி வாசல் படியில் அவர் போர்வையோடு இருக்கிற படம் பிரசித்தம். 2021இல், நாட்டின் பெரியவர்களுக்கு மரியாதை செய்கிற பாரிஸ் பாந்தெயோன் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அம்மா காங்கேசன்துறையில் பிறந்து 1990இல் ஒரு பையோடு வெளிக்கிட்டவர். இந்தக் கதையை மருமகள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்தவர், குசினிப் பக்கம் வந்ததும் அந்தப் படி எது என்று கேட்டார். வெளியே வந்து காட்டினோம். கொஞ்ச நேரம் அதில் இருந்துவிட்டு, கழுகு, ஆந்தை பறக்கவிட்டுக் காட்டுகிற நிகழ்ச்சிக்கு எழும்பி வந்தார்.

சாப்பாடு. இந்தப் பகுதி வாத்து நாடு. ஈரல், தொடை, நெஞ்சு என்று எல்லாம் வாத்து. சைவக்காரர் கவனிக்க வேண்டியது உருளைக்கிழங்கை. சர்லா உருளைக்கிழங்கு என்று உள்ளி போட்டுப் பொன்னிறமாக வறுத்து வைப்பார்கள், வாசம் தூக்கும், நானும் கிழங்குதானே என்று கரண்டியைப் போட்டேன். மச்சான் இருபது வருடமாகப் பாரிசில் ரெஸ்டோரண்ட் குசினியில் நிற்கிறவர், கையைப் பிடித்துவிட்டார். "மச்சான், உது வாத்துக் கொழுப்பில வறுத்தது. இண்டைக்கு வெள்ளி." வறுபட்ட எதையும் எதில் வறுத்தது என்று கேளுங்கள். சாப்பிடக்கூடியவை நிறைய இருக்கின்றன, கபேகு என்கிற சின்ன வட்ட ஆட்டுப்பால் சீஸ், வோல்நட் போட்ட சலட், காலத்தில் போனால் பெரிகோர் ஸ்ட்ரோபெரி. மத்தியானம் பன்னிரண்டில் இருந்து இரண்டுக்குள் போய் இருக்க வேண்டும், இரண்டரைக்குப் போனால் குசினி மூடிவிட்டது என்பார்கள், பிறகு இரவு ஏழுக்குத்தான். கடைக்குள் போனதும் எதைக் கேட்கும் முன்னரும் "போன்ஜூர்" சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறிவிடும், அது உங்கள் நிறத்தைப் பார்த்து இல்லை, வணக்கம் சொல்லாமல் விட்டதற்கு.

சர்லாச் சந்தை புதன் காலமையும் சனியும். சனிதான் பெரியது, எட்டரைக்குள் போங்கள், பிறகு கார் விட இடம் தேடியே களைத்துவிடுவீர்கள். சந்தைக்கு நடுவில் பழைய தேவாலயம் ஒன்றைச் சாப்பாட்டுச் சாமான் சந்தையாக மாற்றி, ஆளை விழுங்குகிற உயரத்துக்கு இரும்புக் கதவு போட்டிருக்கிறார்கள். பழைய நகரங்களைக் காப்பாற்ற 1962இல் வந்த சட்டத்தால் முதலில் பிழைத்த ஊர்களில் சர்லா ஒன்று, அதனால்தான் கல் வீடுகள் இவ்வளவு ஒழுங்காக நிற்கின்றன.

மழை பெய்தால் குகைக்குள் போங்கள். லாஸ்கோவின் 1940இல் கண்டுபிடித்த ஓவியக் குகை 1963இல் மூடப்பட்டுவிட்டது, இப்போது பார்ப்பது 2016இல் திறந்த முழு அளவுப் பிரதி, நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது பதிராக், காரில் ஒரு மணித்தியாலம். நிலத்தில் 35 மீற்றர் அகல ஓட்டை, அதற்குள் இறங்கி, 103 மீற்றர் ஆழத்தில் ஓடுகிற நிலத்தடி ஆற்றில் வள்ளத்தில் கொண்டுபோகிறார்கள். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்து, இதற்குக் கீழே என்ன இருக்கும் என்று சின்ன வயதில் யோசித்தவர்கள் எல்லாரும் ஒரு தரம் போக வேண்டும். டிக்கெட்டை இணையத்தில் நேரம் குறித்து முதலே எடுங்கள். உள்ளே 13 பாகை, ஸ்வெட்டர் இல்லாமல் இறங்கி நான் நடுங்கினேன். லிப்ட் இருந்தாலும் படிகளும் நிறைய, அம்மா மேலே தேத்தண்ணியோடு இருந்துவிட்டார்.

சூடான காற்று பலூன் லா ரொக் கஜாக்கில் இருந்தே எழும்புகிறது, விடியலிலும் பின்னேரத்திலும். ஏறுவதற்குச் செலவு கனதி. கீழே இருந்து பார்க்கக் காசில்லை, நாங்கள் கீழே இருந்து பார்த்தோம்.

திரும்பும்போது எல்லாரும் வோல்நட் எண்ணெய் வாங்குகிறார்கள் என்று நானும் ஒரு போத்தல் வாங்கினேன், கொஞ்ச விலையில்லை. சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, உடையாமல் கோண்டாவில் வரை கொண்டுவந்தேன். அது சலட்டுக்கு மேலே ஊற்றுகிற எண்ணெய், சட்டியில் காய்ச்சக் கூடாது, திறந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கெதியாக முடிக்க வேண்டும் என்று போத்தலிலேயே பிரெஞ்சில் எழுதியிருந்ததாம். அம்மா அதில் கத்தரிக்காய் பொரித்துவிட்டு, நல்லெண்ணெய்க்குக் கிட்டவும் வராது என்றார். கோதோடு வோல்நட் வாங்குங்கள்.